பூட்டிய அறையின் ரேடியேற்றர்

"அந்த அறையை விட்டுவிடுங்கள் தம்பி. மற்றதெல்லாம் சுத்தம்தானே?" என்று அந்த அம்மா கேட்டார். "சுத்தம்தான் அம்மா" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. இதற்குள் எத்தனையோ வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிவிட்டேன். ஆனாலும் வேலை முடிந்து கருவிகளை வேனில் ஏற்றும்போது அந்த இரண்டு சொற்களும் வந்து நிற்கின்றன. நான் சொன்னது பொய்யா? மற்றதெல்லாம் சுத்தமா என்று கேட்டார், மற்றதெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது.

இலண்டனில் ஹரோ என்ற பகுதியில் ஒரு பழைய வீடு, சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் பத்து ரேடியேற்றர்கள். அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் புதுப் பொயிலர் பூட்டுவதற்கு முன் பழைய குழாய்களைக் கழுவவேண்டும். மாடிக்குப் போகும் செப்புக் குழாய்கள் எட்டு மில்லிமீற்றர்தான், சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அந்த மெல்லிய குழாயில் சேறு ஒரு முறை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. காலை எட்டு மணிக்குக் குழாய் கழுவும் இயந்திரத்தை இணைத்தேன். ஒன்பது ரேடியேற்றர்களையும் ஒவ்வொன்றாகத் தனித்துத் திறந்து, மற்றவற்றை மூடி, இயந்திரத்தின் முழு ஓட்டத்தையும் அந்த ஒன்றுக்குள்ளேயே செலுத்தினேன். இறப்பர்ச் சுத்தியலால் அடியில் தட்டத் தட்டக் கறுப்பாக வந்தது. முதல் வாளித் தண்ணீர் பேனா மையைப் போல இருந்தது. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அந்தக் கறுப்பு மயிர் சிலிர்த்ததுபோல் எழுந்து நிற்கும். அதுதான் மேக்னடைட், ரேடியேற்றரின் இரும்பு உள்ளிருந்தே அரித்துக் கரைந்த பொடி.

பத்தாவது ரேடியேற்றர் மாடியில் பின்னறையில் இருந்தது. அந்த அறையை ஒரு மாணவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவன் கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டான். வகுப்பு முடிந்து கடையில் வேலையும் முடித்து இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவான்.

வால்வு திறந்திருந்தால் ஓரளவு தண்ணீராவது அந்த ரேடியேற்றருக்குள்ளும் ஓடியிருக்கும். மூடியிருந்தால் ஒரு சொட்டும் போயிருக்காது. பகலில் வீட்டில் இல்லாத பிள்ளை, சிக்கனத்துக்காக வால்வை மூடிவைத்துவிட்டுப் போவது வழக்கம்தான். கதவின் மறுபக்கம் எது உண்மை என்பதை நான் அறிய வழியே இருக்கவில்லை. வழி இருக்கவில்லை என்று எழுதும்போதே, காத்திருப்பது என்ற வழி இருந்தது என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது.

கழுவிய பிறகு தண்ணீரைச் சோதிப்பது கடினமான காரியம் அல்ல. முதலில் சமையலறைக் குழாய்த் தண்ணீரை, அதில் கரைந்திருப்பதை அளக்கும் மீற்றரில் பார்க்கவேண்டும். அன்று 312 பி.பி.எம்., அதாவது பத்து இலட்சம் பங்கில் 312 பங்கு, இருந்தது. இலண்டன் தண்ணீர் கடின நீர், அதில் கரைந்த உப்பு அதிகம்தான். பிறகு வெப்பக் குழாயிலிருந்து எடுத்த தண்ணீரைப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். அதாவது 343-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் கழுவுவதற்கு ஊற்றிய ரசாயனம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். 540, 410, 350 என்று இறங்கி, மாலை நாலரைக்கு 327-இல் நின்றது. அந்த எண்ணைத் தாளில் எழுதினேன். அது உண்மையான எண். இன்றைக்கும் அதற்குச் சத்தியம் செய்வேன்.

ஆனால் அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுத்தேன்? கீழே, இயந்திரத்துக்கு அருகில் இருந்த வடிகால் குழாயிலிருந்து. ஒன்பது ரேடியேற்றர்களைச் சுற்றி வந்த தண்ணீர் அது. பத்தாவதைப் பற்றி அதனிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

அந்த அம்மாவுக்கு நான் மீற்றரைக் காட்டவில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரைப் பிடித்துச் சமையலறை விளக்கின் கீழ் உயர்த்திக் காட்டினேன். பளிங்காக இருந்தது. "அட, குடிக்கலாம் போல இருக்கிறதே" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கும் நிம்மதியாக இருந்தது. தெளிவு வேறு, சுத்தம் வேறு. கரைந்திருக்கும் ரசாயனம் கண்ணுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாதவரிடம் தம்ளரைக் காட்டியதுதான், யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு சொற்களை விடப் பெரிய விடயமாகத் தோன்றுகிறது.

அன்றைய நிலைமையையும் சொல்லவேண்டும். நவம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. காலையிலிருந்து வீட்டில் சூடு இல்லை. எழுபது வயது தாண்டியவர் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தார். மூன்று முறை எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அந்தக் குளிரில் இன்னும் நாலரை மணி நேரம் அவரை வைத்திருப்பதா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளை நடன வகுப்பிலிருந்து ஆறு மணிக்குக் கூட்டிவரவேண்டும் என்பதும் மனதில் இருந்தது. இரண்டில் எது என்னை அந்தச் சொற்களைச் சொல்லவைத்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

துருவைத் தடுக்கும் இன்ஹிபிற்றர் திரவத்தை ஊற்றினேன். பொயிலரை ஏற்றினேன். வீடு சூடானது. அந்த அம்மா தொப்பியைக் கழற்றினார்.

வேனை எடுத்து இரண்டு தெரு தாண்டவில்லை, இன்னொரு வழி நினைவுக்கு வந்தது. வெறும் தண்ணீரை நிரப்பி, பொயிலரை ஓடவிட்டு, இன்ஹிபிற்றரை மட்டும் ஊற்றாமல் வந்திருக்கலாம். ஓர் இரவில் எந்த இரும்பும் அரித்துப் போகாது. பையனிடம் சாவியை வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் வந்து அந்த ஒன்றைக் கழுவி, அதிலிருந்தே தண்ணீர் எடுத்துப் பார்த்திருக்கலாம். குளிரும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இவ்வளவு எளிய வழி அந்தச் சமையலறையில் நிற்கும்போது ஏன் தோன்றவில்லை?

ஊற்றிய பிறகு திரும்பிப் போயும் பயன் குறைவு. இன்ஹிபிற்றரும் கரைந்த உப்புத்தான், அது மீற்றரின் எண்ணை ஏற்றிவிடும். அதன்பின் வருகிற எண்ணில் எவ்வளவு இன்ஹிபிற்றர், எவ்வளவு மிச்ச ரசாயனம் என்று மீற்றர் பிரித்துச் சொல்லாது. கழுவி முடிப்பதற்கும் இன்ஹிபிற்றர் ஊற்றுவதற்கும் இடையில் உள்ள அந்த அரைமணி நேரத்தில்தான் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

பதினான்கு மாதம் கழித்து, ஜனவரியில் அழைத்தார். குளியலறையில் சுடுநீர் ஒரு நிமிடம் சூடாக வந்து பிறகு வெதுவெதுப்பாகிவிடுகிறது என்றார். போய்ப் பார்த்தேன். பொயிலருக்கு முன் நான் பூட்டிய காந்த வடிகட்டி நிறையக் கறுப்புச் சேறு. பொயிலருக்குள் சுடுநீரைத் தருகிற வெப்பத் தட்டும் அடைத்திருந்தது. பின்னறையில் இப்போது வேறு ஒரு பிள்ளை இருந்தான், கதவு திறந்திருந்தது. அந்த ரேடியேற்றரில் கை வைத்தேன். மேலே சுட்டது. கீழே, நடுப்பகுதியில், கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. சேறு படிந்திருப்பதன் அடையாளம் அது.

அதோடு முடிந்திருந்தால் நான் குற்றவாளி என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இன்ஹிபிற்றர் அளவைச் சோதித்தேன், வரவேண்டிய நிறம் வரவில்லை. விசாரித்தபோது, அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருந்ததாகவும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தானே குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பியதாகவும் சொன்னார். குளியலறையில் துவாய் காயப்போடும் ரேடியேற்றரின் வால்வு மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. புதுத் தண்ணீர் வரவர இன்ஹிபிற்றர் நீர்த்துப்போகும், புது ஒட்சிசன் உள்ளே வரும், இரும்பு மறுபடி அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இன்ஹிபிற்றரைச் சோதிக்கவேண்டும் என்று பி.எஸ். 7593 என்ற பிரித்தானியத் தரவிதியின் 2019 பதிப்பு சொல்கிறது. அந்த ஆண்டுச் சோதனைக்கு அவர் என்னை அழைக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

அப்படியானால் காரணம் எது? ஒட்சிசன் தாராளமாகப் புகுந்தால் சேறு செம்மண் நிறத்துக்குப் போகும். நான் விரலில் தேய்த்துப் பார்த்தது பெரும்பாலும் கறுப்பு. ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. அந்தப் பழுப்பை நான் விரும்பிப் பார்த்தேனா, உண்மையில் இருந்ததா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

"போன முறை நீங்கள் வடிவாகத்தான் செய்தீர்கள் தம்பி. இந்த வீட்டுக் குழாய்தான் பழசு" என்றார் அந்த அம்மா. எனக்காக அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். நான் "ஓம் அம்மா" என்றேன். முழு நாளும் வேலை செய்து, அந்த ரேடியேற்றரைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். கூலி வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை, உறையில் வைத்துக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் இயந்திரத்தை இறக்குவதற்கு முன்பே எல்லா அறைகளின் சாவியும் இருக்கிறதா என்று கேட்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் குழந்தை தூங்குகிற அறை. கதவைத் திறக்கவேண்டாம் என்று தாய் கெஞ்சினார். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். குழந்தை எழுந்ததும் அந்த ரேடியேற்றரைக் கழுவி, அதிலிருந்தே தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். 318. கீழே எடுத்ததும் 318. தாயின் முகத்தில் எரிச்சல். அவர் எரிச்சல் நியாயமானதுதான்.

ஹரோ வீட்டின் தாள் பிரதி என் கோப்பில் இருக்கிறது. பத்தாவது ரேடியேற்றரைப் பற்றி எழுத அதில் இடமே இல்லை என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அன்றொரு நாள் எடுத்துப் பார்த்தேன். கடைசியில், கையெழுத்துக்கு மேலே, 'குறிப்புகள்' என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்றும் எழுதவில்லை. வருகிற நவம்பரில் ஆண்டுச் சோதனைக்கு அங்கே போகவேண்டும், இம்முறை நானே அழைத்து நாள் குறித்துவிட்டேன். அந்தக் கோடுகளில் இன்றைய தேதியைப் போட்டு எழுதிக்கொண்டு போவதா, முதலில் அந்த அம்மாவிடம் வாயால் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.