ஏழெட்டு எவ்வளவு?

மாமா கனடாவில இருந்து வரேக்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுற ஸ்பீக்கர் ஒண்டு கொண்டுவந்தவர். கிளிநொச்சி வீட்டு விறாந்தையில இப்ப அதுதான் ராசா. நேற்று அண்ணாவின்ர மகள் 7 தர 8 எவ்வளவு எண்டு அதிட்டக் கேக்கிறாள். பக்கத்தில பாக்கு இடிச்சுக்கொண்டிருந்த அப்பப்பா தலை நிமிராமல் "ஐம்பத்தாறு" எண்டார். பெட்டி பிறகுதான் சொன்னது, அதுவும் இங்கிலீசில.

மனிசன் படிச்சது அஞ்சாம் வகுப்பு. காலபோகம் வந்தா மூண்டரை ஏக்கருக்கு எத்தினை புசல் விதைநெல்லு, எத்தினை மூட்டை உரம், உழவுக்கூலி எவ்வளவு, எல்லாக் கணக்கும் விரல் கணுவிலதான். கொப்பியே இல்லை.

2011இல பெட்சி ஸ்பாரோ எண்ட உளவியல் ஆய்வாளரும் கூட்டாளியளும் 'சயன்ஸ்' இதழில ஒரு ஆய்வு போட்டவை. கணினி சேமிச்சு வச்சிருக்கும் எண்டு நம்பின ஆக்கள் தகவலைக் குறைவாத்தான் ஞாபகம் வச்சிருந்தினமாம். அது எங்க கிடக்கு எண்டது மட்டும் நல்ல ஞாபகமாம். மூளை பழுதாகேல்லை, வேலையை மாத்திக்கொண்டுது எண்டுதான் நான் விளங்கிக்கொண்டன். ஆனா ஏழெட்டையுமோ?

பெரிசாக் கதைக்கிற எனக்கே மனிசியின்ர போன் நம்பர் பாடமில்லை. அம்மாவுக்கு எங்கட ஆறு பேரின்ர அடையாள அட்டை நம்பரும் இண்டைக்கும் தலைகீழ்ப் பாடம். முகாமில ஒவ்வொரு வரிசையிலயும் சொல்லிச் சொல்லி வந்தது.

பின்னேரம் கரண்ட் போட்டுது. பெட்டி ஊமை. பெட்டைக்கு வேற வழியில்லை.

"அப்பப்பா, நாளைக்கு மழை வருமோ?"

"ஈசல் கிளம்புது, முத்தத்துக்கு வந்து பார்."