பளியன்குடி வழியாக மங்கலதேவிக்கு

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. சித்ரா பௌர்ணமி வந்தால் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று ஜீப் பிடித்து, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம். 2025 மே 12 அன்றுதான் முதன்முதலாக நடந்து போனேன். கூடலூரில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, அதற்கு முந்தின வாரமே போன் செய்திருந்தார். "நடந்து வாரேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன் தாயி, துணைக்கு வாரியா?"

அத்தைக்கு அறுபத்தாறு வயது. முப்பது வருடம் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவர். மாமா இருந்தவரை ஒரு சித்ரா பௌர்ணமியையும் இருவரும் விட்டதில்லை. மாமா தவறிய பிறகு மூன்று வருடமாக அந்தப் பக்கமே அத்தை வரவில்லை. கோயிலில் பெண்களுக்கு மங்கல நாணும் வளையலும் கொடுப்பார்கள். அந்த வரிசையில் தான் எப்படி நிற்பது என்று, யாரிடமும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார்.

நான் குமுளி மலைப்பாதையில் முதல் பஸ்ஸில் இறங்கினேன். பெரியாறு நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராட்சதக் குழாய்கள் இருட்டில் மலையோடு சரிந்து கிடந்தன. லோயர் கேம்ப் வந்து, அங்கிருந்து பளியன்குடி. அத்தை எனக்கு முன்னாலேயே வந்து, சோதனைச் சாவடி ஓரமாகத் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். பையைத் திறந்து பார்த்து, பாலிதீன் கவர் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். புலிகள் காப்பகக் காடு அல்லவா, அது சரியான ஏற்பாடுதான்.

அங்கிருந்து கோயிலுக்கு ஆறரை கிலோமீட்டர். கணக்கில் கொஞ்சம்தான், ஆனால் முழுக்க ஏற்றம். முதல் பாதி மரக்காடு. காய்ந்த சருகு, உருளும் கல், தடத்தின் குறுக்கே வேர். ஓரிடத்தில் அத்தை நின்று ஒரு மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். வேங்கை. பட்டையில் எதனாலோ பட்ட வெட்டு ஒன்று, அதிலிருந்து கசிந்த பால் ரத்தச் சிவப்பாக வழிந்து உறைந்திருந்தது. கீழே அதன் காய்கள் சிதறிக் கிடந்தன. நடுவில் விதை, சுற்றிலும் அப்பளம்போல வட்டச் சிறகு. அத்தை ஒன்றை எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

ஒரு முலை இழந்து வேங்கை நிழலில் தனியே நின்றவளைத்தான் மலைக்குறவர்கள் முதலில் கண்டார்கள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உறைந்த அந்தச் சிவப்புக்கு முன்னால் நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. மதுரை எரிந்த பிறகு கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்தெறிந்து, கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தேன், மேற்கு வாசலில் தனியே போகிறேன் என்று சொல்லி வெளியேறுகிறாள். இரவு பகல் தெரியாமல், பள்ளம் மேடு பாராமல் வையைக் கரையோடு நடந்து மலையேறுகிறாள். கோவலன் இறந்த பதினான்காம் நாள், அவனோடு வானேறுகிறாள். பின்னால் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுத்தான் என்பது வஞ்சிக்காண்டம். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி போன வழியைத் தேடியே வந்து, அந்தக் கோட்டம் இதுதான் என்று 1963-ல் எடுத்துச் சொன்னார். இத்தனை வருடம் ஜீப்பில் போனபோது இந்தக் கதையில் எனக்குச் சிலம்பு தெரிந்தது, தீ தெரிந்தது. அவள் நடந்தது தெரியவில்லை.

மரக்காடு முடிந்ததும் போதைப்புல் என்கிற காட்டுப்புல் மேடு. நிழலே கிடையாது. எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. வழியில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று அதற்குள் காலி. முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அத்தைக்கு என் பாட்டிலில் இருந்த கடைசி நாலு வாயைக் கொடுத்தேன். முன்னால் போன கம்பத்துப் பையன்கள் இரண்டு பேர் திரும்பி வந்து, ஆளுக்கொரு கையாய்ப் பிடித்து மேட்டில் ஏற்றிவிட்டார்கள். இந்தத் தடத்தைச் சாலையாக்க வேண்டும் என்று வெகுநாளாய்க் கேட்கிறார்கள். வயதானவர்களை நினைத்தால் நியாயம்தான். எனக்கென்னவோ ஓரத்திலாவது இந்த ஒற்றையடிப் பாதை இருக்க வேண்டும்.

ஒன்பதரைக்கு மேலே வந்தோம். ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரம். கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு, வயலும் தோப்புமாய் விரிந்து கிடந்தது. மேற்கே தேக்கடிக் காடு. கோயில் என்றால் கோபுரம் எதுவும் இல்லை. சரிந்த கற்சுவர்களும் புல் முளைத்த பெரிய பெரிய பாறைத் துண்டுகளும்தான். அந்தச் சிதைவுக்குள் பட்டுடுத்தி, பூவும் குங்குமமுமாய் அவள். ஒரு பக்கம் மலையாள முறைப்படி பூசை, ஒரு பக்கம் தமிழ்ப் பூசாரிகள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தும் இந்த விழா வருடத்தில் இந்த ஒரே நாள்தான்.

அத்தை வரிசையில் நின்றார். எங்கள் முறை வந்தபோது திருநீறுக்காக மட்டும் கையை நீட்டினார். பூசாரி எதுவும் கேட்கவில்லை. குங்குமத்தையும் நாலு பச்சைக் கண்ணாடி வளையலையும் அந்தக் கையிலேயே வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அத்தை நகரவில்லை. பின்னாலிருந்த கூட்டம் தள்ளத் தள்ள, சன்னிதியைப் பார்த்தபடியே நின்றார்.

வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தோம். "அவளும் வளையல உடைச்சிட்டு வந்தவதான தாயி" என்றார். பிறகு கையை என் மடியில் வைத்தார். ஏலம் பறித்துக் காய்ப்பேறிய கை. வளையல் முட்டியைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த வண்டிப்பெரியாறு அம்மா ஒருவர் விளக்குக்குக் கொண்டுவந்த எண்ணெயை என் விரலில் ஊற்றினார். ஒவ்வொன்றாய் உருட்டி உருட்டி ஏற்றினேன். மூன்றாவது ஏறும்போது அத்தை அழுதார். நாலாவதுக்கும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்னதானப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். ஏறியதைவிட இறக்கம் முழங்காலுக்குக் கொடுமை. பளியன்குடி வர இரண்டரை ஆகிவிட்டது. அத்தை மோர் வாங்கிக் குடித்தார். பிறகு குழாயடிக்குப் போய், வளையலைக் கழற்றாமலே புழுதியைக் கழுவினார்.

கூடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், வெகுநேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தார். போன ஐப்பசியில் புருசனைப் பறிகொடுத்தவள், இருபத்தெட்டு வயது.

"அடுத்த வருசம் அவளையும் கூட்டிக்கிட்டு நடந்துதான் வரணும். நீ தண்ணி மட்டும் கூடக் கொண்டாந்துரு" என்றார்.