ஊழியத்துக்குக் கென்யா போகிறீர்களா? முதலில் பீன்ஸ் பொறுக்கப் பழகுங்கள்

சபையில் ஜெபித்து, காணிக்கை சேர்த்து, குழந்தைகள் இல்லத்தில் ஊழியம் செய்ய ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் வாலிபர்கள் மனதில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் ஓடும்: சுற்றிலும் பிள்ளைகள், நடுவில் கிட்டார். மேற்குக் கென்யாவில், கிசுமு, காக்கமேகா பக்கத்து இல்லங்களில், கிட்டாருக்குச் சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் தண்ணீர், மாவு, துணி, மருந்து. பிள்ளைகளை வளர்ப்பவர் அந்த ஊரிலேயே பிறந்து, நீங்கள் போன பிறகும் அங்கேயே இருக்கப்போகிற இல்லத் தாய். அவர் கை பிள்ளைகளுக்காகக் காலியாக இருக்கும்படி மற்ற வேலைகளை வாங்கிக்கொள்வதுதான் வெளியிலிருந்து வருகிறவரின் ஊழியம். இது கசந்தால் பணத்தை மட்டும் அனுப்பலாம். அதுவும் நல்ல ஊழியமே.

நாள் காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். பூமத்திய ரேகைக்கு அருகே என்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் ஆறரையை ஒட்டி உதிக்கும்; அதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். சுவாஹிலியில் மணி சொன்னால் கவனம்: அங்கே கணக்கு விடியலிலிருந்து ஓடும். நம் காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் பிற்பகல் 2 மணி அவர்களுக்கு எட்டு மணி. ஆங்கிலத்தில் சொன்னால் நம் கணக்கேதான். சாப்பாட்டு நேரம் குழம்பினால் சிரித்துவிட்டுப் போகலாம், மருந்து நேரம் குழம்பக் கூடாது. அதனால் மருந்து நோட்டில் 24 மணிக் கணக்கில் மட்டும் எழுதுங்கள்.

காலையில் ஊஜி. சோளமாவும் (இங்கே சோளம் என்பது மக்காச்சோளம்) ‘விம்பி’ மாவும் கலந்த கஞ்சி. விம்பி என்பது நம் கேழ்வரகேதான்; கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த தானியம். நாற்பது பிள்ளைகளுக்குப் பதினாறு லிட்டர் தண்ணீர், ஒன்றே முக்கால் கிலோ மாவு. மாவைக் கொதிநீரில் நேரே கொட்டினால் கட்டி தட்டிவிடும். குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் கிளறிக்கொண்டே ஊற்றி, இருபது நிமிஷம் வேகவிட வேண்டும். விறகடுப்பில் தீயைக் குறைக்க ஒரே வழி கட்டையை வெளியே இழுப்பது. அதை மறந்தால் அடி பிடித்து, பதினாறு லிட்டரும் புகை நாறும்.

உகாலி, அதாவது கெட்டியான சோளமாவுக் களி, கிளறுவதுதான் உடம்பை வாங்கும் வேலை. ஒரு பங்கு சோளமாவுக்கு எடையில் இரண்டு பங்கு தண்ணீர். நாற்பது பேருக்கு ஏழு கிலோ மாவு, பதினாலு லிட்டர் தண்ணீர். இதை ஒரே சுஃபுரியாவில், அதாவது விளிம்பு மடித்த அந்த அலுமினியப் பாத்திரத்தில், கிளற நினைக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு மாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, முவீக்கோ என்ற மரத்துடுப்பால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திப் புரட்ட வேண்டும். ஓரத்தை விட்டு உருண்டு வந்ததும் தீயை இழுத்துவிட்டு, மூடி ஐந்து நிமிஷம். பச்சை மாவு வாசனை போகாமல் இறக்கினால் பிள்ளைகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வயிறு சொல்லும். தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் சுக்குமா விக்கி கீரை, தக்காளி வெங்காயத்தோடு வதக்கியது.

சோளமும் காய்ந்த பீன்ஸ் விதையும் சேர்த்து வேகவைத்த கிதேரி வாரத்தில் சில நாள் வரும். சோளம் இரண்டு பங்கு, பீன்ஸ் ஒரு பங்கு. முந்தின இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சிவப்பு பீன்ஸ் அரைவேக்காடாக இருந்தால் இல்லம் முழுக்க வாந்தி எடுக்கும். பொறுக்குவதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கல் மட்டுமல்ல, பூசணம் பிடித்ததும் போக வேண்டும். சோளத்தில் இது விளையாட்டில்லை. ஈரத்தோடு மூட்டை கட்டிய சோளத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேரும். 2004-இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதனால் 125 பேர் இறந்தார்கள். கழுவினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. காணிக்கையாக வரும் மூட்டையைச் சோதிக்க ஒரு வழி உண்டு: நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளம், இரண்டு மூன்று டீஸ்பூன் காய்ந்த உப்பு. குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளம் இன்னும் ஈரம், மறுபடி வெயிலில் காய வேண்டும். பூசணம் பிடித்து நிறம் மாறிய சோளத்தைக் கோழிக்குக்கூடப் போடக் கூடாது. கொடுத்தவர் மனம் நோகுமே என்று வாங்கி வைப்பவர்கள்மேல் எனக்குப் பொறுமை கிடையாது.

தண்ணீர் இருபது லிட்டர் மஞ்சள் ஜெரிகேன்களில் வரும், அல்லது கூரைத் தண்ணீர் தொட்டியில் சேரும். குடிக்கும் தண்ணீருக்கு ‘வாட்டர்கார்டு’ குளோரின் திரவம், தெளிந்த தண்ணீராக இருந்தால் ஒரு கேனுக்கு ஒரு மூடி. கலங்கலாக இருந்தால் துணியில் வடித்துவிட்டு இரண்டு மூடி. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது அந்த அரை மணிதான். இரவே கலந்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

விக்டோரியா ஏரியை ஒட்டிய இந்தப் பகுதி மலேரியாப் பகுதி. கொசுவலைகளை மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள்; கடும் வெயிலில் போட்டால் வலையிலுள்ள மருந்து சிதைந்துபோகும். கிழிசலை அன்றே தையுங்கள். காய்ச்சல் கண்டால் சோதனை, பிறகுதான் மருந்து. கிளினிக்கில் பெரும்பாலும் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் தருவார்கள். மூன்று நாளில் ஆறு வேளை: முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, அதன்பின் இரண்டு நாள் காலையும் இரவும். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும். பால் இல்லாவிட்டால் அங்கே மலிவாகக் கிடைக்கும் அவகாடோ போதும். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிப் பிள்ளை விளையாடப் போய்விடும். ஐந்தாம், ஆறாம் வேளை தவறுவது அப்போதுதான். நோட்டில் ஆறு கட்டம் போட்டு, கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும்.

மண்தரையில் ஃபுன்சா என்ற மண்தெள்ளு உண்டு. கால் விரலுக்குள் புகுந்து முட்டை வைக்கும். ஒரே ஊசியால் பல பிள்ளைகளுக்குத் தோண்டி எடுப்பது பழைய வழக்கம், எச்ஐவி பரவக்கூடிய வழியும் அதுவே. டைமெதிகோன் எண்ணெய் தடவினால் பூச்சி உள்ளேயே செத்துவிடும். செருப்பும் சிமென்ட் தரையும் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. தலை மழிக்கும் பிளேடுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எச்ஐவி மருந்து சாப்பிடும் பிள்ளைகள் யார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. தெரியவந்தால் ஜெபக் குறிப்பில்கூட எழுதாதீர்கள்.

துணி துவைப்பது காலை ஒன்பதுக்குள் முடிய வேண்டும், பிற்பகல் மழை வந்துவிடும். பள்ளிச் சீருடை ஸ்வெட்டர் பெரும்பாலும் ஒன்றுதான், ஞாயிறு துவைத்தால் திங்கள் ஈரமாகவே போட்டுக்கொண்டு போவார்கள். ஆகவே சனிக்கிழமை காலை. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளை இரவு பத்து மணிக்கு ஒருமுறை எழுப்பிவிடுங்கள், மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். நனைந்த மெத்தையை எல்லோரும் பார்க்கும் முற்றத்தில் காயப்போடாதீர்கள்.

இனி நெருடலான விஷயம். வந்த முதல் நாளே ஓடிவந்து மடியில் ஏறும் பிள்ளையைப் பார்த்து, “எவ்வளவு பாசம்!” என்று உருகுவோம். முன்பின் தெரியாதவரிடம் அப்படி ஒட்டிக்கொள்வது பாசத்தைவிடக் காயத்தின் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆள் மாறி ஆள் வந்து போனால் அந்தக் காயம் ஆறாது. மடியில் ஏறினால் தள்ளிவிட வேண்டாம், சற்று நேரம் வைத்திருந்து, “மாமாவிடம் காட்டுவோமா?” (சுவாஹிலியில் ‘மாமா’ என்றால் அம்மா) என்று இல்லத் தாயிடம் கூட்டிப்போங்கள். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது இல்லத் தாயின் வேலை. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, போதகராக இருந்தாலும் சரி. தனியாக ஒருவருக்கு மட்டும் பரிசு, மிட்டாய், போன் நம்பர் கூடாது. முகம் தெரியும் படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. மாலை ஜெபத்தில் பாடுங்கள், சுவாஹிலிப் பாட்டைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் விருந்தினர் முன் ஒரு பிள்ளையை எழுப்பி, பெற்றோர் இறந்த கதையைச் சாட்சியாகச் சொல்லவைப்பது கொடுமை.

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ பாட்டியோ சித்தப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பிரித்தது பெரும்பாலும் வறுமை. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கச் சொன்ன வேதம் இரண்டு பேரையும் சேர்த்தே சொன்னது. நாமோ பிள்ளையை எடுத்துக்கொண்டு விதவையை விட்டுவிட்டோம். கென்யா 2017 நவம்பரில் புது இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022 முதல் 2032 வரையிலான அரசுத் திட்டம் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புவதை நோக்கியது. எனவே நல்ல இல்லத்தில் வேலையின் ஒரு பகுதி, சமூகப் பணியாளரோடு மாவு மூட்டை சுமந்துகொண்டு பாட்டி வீட்டுக்கு நடப்பது. வீடு திரும்பிய பிள்ளைகளைப் பற்றி உங்களிடம் சொல்ல எதுவுமே இல்லாத இல்லம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

கடைத்தெருவில் உங்களை ‘முஹிந்தி’, அதாவது இந்தியர், என்று கூப்பிடுவார்கள், கடை முதலாளி என்றே நினைப்பார்கள். அங்கே தலைமுறைகளாக வாழும் ஆசியர்களைக் கென்யா 2017-இல் 44-ஆவது இனக்குழுவாக அங்கீகரித்தது. அவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், வணக்கம் சொல்லிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கிளம்பும் தேதியை வந்த வாரமே காலண்டரில் பிள்ளைகள் பார்க்க வட்டமிடுங்கள். “அடுத்த வருஷம் வருவேன்” என்று டிக்கெட் கையில் இல்லாமல் சொல்லாதீர்கள். பிள்ளைகள் தூங்கும்போது போகாதீர்கள்.

காகிதங்கள்: சுற்றுலா அனுமதியில் போய் ஊழியம் செய்வது சட்டப்படி தவறு. மத, தொண்டுப் பணிகளுக்கென்றே ‘ஐ’ வகுப்பு அனுமதி உண்டு, குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ்; இல்லமே விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் சான்றிதழைக் கேட்காத இல்லத்தைச் சந்தேகப்படுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு, சென்னை என்றால் கிண்டி கிங் நிலையத்தில், போட்டுக்கொள்ளுங்கள். அந்த அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டம் இருக்கிறது.