மணலி எடை மேடையில் மூன்று நாள் பட்ட பாடு

லாரி எடை மேடையின் இண்டிகேட்டரை, அதாவது எடையைக் காட்டிக் கணினிக்கு அனுப்பும் பெட்டியை, மாற்றிய அன்றே தொல்லை ஆரம்பித்துவிட்டது. கணினித் திரையில் எடைக்குப் பதில் குப்பை எழுத்துகள். வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, மேடைக்கார அண்ணன் கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். "தம்பி, சாயந்திரத்துக்குள்ள சரியாயிடுமா?" என்றார்.

விற்றவர்களுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். "9600, 8 பிட், பாரிட்டி இல்ல சார், எல்லாத்துக்கும் அதுதான்." இண்டிகேட்டர் கணினியோடு பேசும் வேகமும் முறையும்தான் அவை; இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை நம்பி, இரண்டையும் இணைக்கும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள்தான் போயிருக்கும் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்கு ஓடிப் புதிது வாங்கி வந்தேன். ஒரு நாள் வீண். கடைசியில் சரியான மதிப்புகள் இண்டிகேட்டர் மெனுவிலேயே இருந்தன: 2400, 7 பிட், ஈவன் பாரிட்டி. மெனுவைக் கண்ணால் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பாதீர்கள்.

எடையைப் படிக்கும் பழைய பைத்தான் நிரலுக்குள் 9600 நேரடியாக எழுதப்பட்டிருந்தது. நாளை இண்டிகேட்டர் மாறினால் மறுபடி நிரலைத் திறக்க வேண்டுமா? மதிப்புகளை லினக்ஸின் எட்சி டிஃபால்ட் ஃபோல்டரில் ஒரு கோப்பாக வைத்து, நிரலைத் தானாக ஓட்டும் சிஸ்டம்டி சர்வீஸில், அந்தக் கோப்பைப் படிக்கச் சொல்லும் என்விரான்மென்ட்ஃபைல் வரியைச் சேர்த்தேன். சர்வீஸ் எழவேயில்லை. இரண்டு மணி நேரம் லாக் பார்த்த பிறகு பிடிபட்டது: 2400-க்குப் பக்கத்திலேயே # போட்டு "புது இண்டிகேட்டர்" என்று குறிப்பு எழுதியிருந்தேன். லினக்ஸ் கட்டளைகளை எழுதும் ஷெல்லில் அது செல்லும். இங்கே அந்தக் குறிப்பும் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். குறிப்பைத் தனி வரியில்தான் எழுத வேண்டும்.

அடுத்து ரீபூட். லினக்ஸ் அந்தக் கேபிளுக்குக் கொடுத்த பெயர் டிடிஒய் யூஎஸ்பி 0 என்றிருந்தது 1 ஆகிவிட்டது. என் கேபிளில் உள்ளது போன்ற சிஎச்340 சிப் கேபிள்களில், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் சீரியல் எண்ணே பெரும்பாலும் இருக்காது. பக்கத்தில் பிரின்டருக்கும் அதே கேபிள். எது எது என்று சொல்ல வழியில்லை. அதனால் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸின் யூடெவ் விதியில் யூஎஸ்பி போர்ட்டின் இடத்தை வைத்து ஒரு நிலையான பெயர் கொடுத்தேன். அந்தப் போர்ட்டுக்கு மேலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, "கேபிளை இடம் மாத்தாதீங்கண்ணே" என்று சொல்லியும் வைத்தேன். கேபிள் வந்த பிறகே நிரல் ஓட, சர்வீஸ் கோப்பில் பைண்ட்ஸ்டூ, ஆஃப்டர் என்ற இரண்டு வரிகளிலும் அந்த டிவைஸைப் போட்டேன். கேபிள் தெரிவதற்கு முன்பே நிரல் ஓடி விழுவது நின்றது. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் பொதியையும் பாருங்கள். பிரெயில் கருவி என்று நினைத்து இந்தச் சிப்பைப் பிடுங்கிக்கொள்ளும், தேவையில்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

மூன்று முறை மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். மூன்று முறையும் தானாக எழுந்தது. அடுத்த லாரி மேடையேறியதும் திரையில் 28460 கிலோ. அண்ணன் கைச்சீட்டுப் புத்தகத்தை மூடி மேசை டிராயருக்குள் வைத்தார்.