மின்தூக்கி எந்த மாடியில் நின்றது?

சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதை ஒன்றை உள்ளூர் வாசகரிடம் கொடுத்தால் அவர் முதலில் செய்வது சரிபார்ப்பதுதான். கதை தேக்காவில் நடந்தால், கதாநாயகி சந்தைக்குள் எந்தப் பக்கமாக நுழைகிறாள், அங்கிருந்து பஃபலோ சாலைக்கு அவ்வளவு சீக்கிரம் வந்துவிட முடியுமா என்று பார்ப்பார். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாட்டில் கதாசிரியர் ஒளிந்துகொள்ள இடமில்லை. மதுரையைப் பற்றி எழுதுகிறவருக்கு மதுரையைப் பார்த்திராத வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஈசூனைப் பற்றி எழுதுகிறவரின் வாசகர்களில் பாதிப் பேராவது ஈசூனில் யாரையேனும் பார்க்கப் போனவர்கள். ஒருவர் கதையில் வரும் அதே புளோக்கிலேயே, அதாவது அதே அடுக்குமாடிக் கட்டடத்திலேயே, குடியிருக்கவும் கூடும்.

இந்தச் சரிபார்ப்பை நான் குறையாகச் சொல்லவில்லை. நூலக அறை ஒன்றில் நடந்த வாசகர் சந்திப்பில், 1980களில் தோ பாயோவில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு பாட்டி சந்தையிலிருந்து திரும்பி, மின்தூக்கியில் ஏறி ஏழாம் மாடியில் இறங்கி வீட்டுக்குள் போகிறார். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “அந்தக் காலத்துப் புளோக்கில் மின்தூக்கி ஏழாம் மாடியில் எங்கே தம்பி நின்றது? எங்கள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான்” என்றார். எழுதியவர் சங்கடத்துடன் தலையசைத்தார், கூட்டம் சிரித்தது, அடுத்த கதைக்குப் போய்விட்டோம்.

அங்கேதான் நாம் ஏதோ ஒன்றைத் தவறவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் சுட்டிக்காட்டியது தகவல் பிழையாக மட்டும் இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். ஆனால் அந்தப் பாட்டி ஒன்பதாம் மாடியில் இறங்கி, காய்கறிப் பையோடு இரண்டு மாடி படியிறங்கி வரவேண்டியவர் என்றால் கதையே வேறாகிவிடுகிறது. நடுவில் எட்டாம் மாடியில் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அவருக்கு யாரோ பழக்கமாகியிருப்பார். முட்டிவலி வந்த பிறகு வீட்டைவிட்டு இறங்குவதே குறைந்திருக்கும். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பெட்டியைப் படிவழியாகத்தான் இறக்கியிருப்பார்கள். எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கச் செய்வதற்காக 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒவ்வொரு புளோக்கிலும் வாக்களிப்பு நடந்தது; 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மின்தூக்கி நிற்கும் மாடியில் வசிப்பவர், படியேறும் அண்டைவீட்டாருக்காக வாக்களிப்பாரா? நான் படித்தவரை இதை யாரும் கதையாக்கியதில்லை.

உள்ளூர் மணம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே புதிதன்று. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழின் காலத்திலிருந்தே ஊர் நடப்பைத் தமிழில் படிக்கும் ஆவல் இருந்திருக்கிறது. கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ 1935இல் வந்து, 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற மாணவர் பகுதி வழியாக இளையர்களை எழுதத் தூண்டியபோது, தமிழ்நாட்டுக் கதைகளை நகலெடுக்காமல் தம் சுற்றுப்புறத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் வலுப்பெற்றது. பி. கிருஷ்ணன் வானொலிக்காக எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ நாடகத் தொடரை மக்கள் விரும்பிக் கேட்டதற்கு நகைச்சுவை மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அடுக்குமாடியில் குடியிருப்பதே அன்று பலருக்குப் புது அனுபவம். அதற்குள் என்னென்ன தகராறு வரும் என்பதை அந்தத் தொடர் காட்டியது.

இன்று அந்த எதிர்பார்ப்பு வெறும் அடையாளச் சீட்டாகச் சுருங்கியிருக்கிறது. கதையில் ஒரு பெருவிரைவு ரயில், ஓர் உணவங்காடி, ஒரு கோப்பி-ஓ, தீபாவளிக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு தரும் அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி ஆகியவை இருந்தால், இது சிங்கப்பூர்க் கதைதான் என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். இவற்றை உருவிவிட்டுக் கோயம்புத்தூர்ப் பெயர்களைப் போட்டாலும் கதை நடக்கும் என்றால், அதில் சிங்கப்பூர் என்ன வேலை செய்தது? மூத்தோர் இல்லத்தில் மகன் கொண்டுபோய் விட்ட தந்தையின் கதையை நான் எத்தனை முறை படித்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் கடைசிப் பத்தியில் இறந்துபோவார், மகன் தாமதமாக வருவான், பணிப்பெண் மட்டும் அழுவாள்.

இதோடு இன்னோர் எதிர்பார்ப்பும் உண்டு. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நம் கதை நம்மைக் கௌரவமாகக் காட்ட வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காட்டினர். இவ்வளவு சிறிய கூட்டத்தில் எழுதுகிறவரும் படிக்கிறவரும் பரிசுக்கு நடுவராக அமர்கிறவரும் ஒரே கல்யாண வீட்டில் சந்தித்துக்கொள்கிறார்கள். கதையில் கணவன் மனைவியை அடித்தால், “இது யார் வீட்டுக் கதை?” என்ற கேள்வி முதலில் எழும். பிள்ளைகள் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினால், இதைப் பள்ளியில் எப்படிப் படிக்கக் கொடுப்பது என்று ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது; தமிழ் வீட்டுக்குள்ளேயே தேய்ந்துவரும்போது, புனைகதையாவது அதைத் தாங்கிப்பிடிக்கட்டும் என்று ஒருவர் நினைப்பது இயல்பு. ஆனால் மொழியைக் காப்பாற்றும் பொறுப்பு, நற்பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு, இன நல்லிணக்கத்தைக் காட்டும் பொறுப்பு என எல்லாவற்றையும் ஒரு பத்துப் பக்கக் கதையின் தலையில் ஏற்றினால், அதில் வருகிறவர்கள் தேசிய தின அணிவகுப்பில் நடப்பவர்களைப்போல் நடக்கத் தொடங்குகிறார்கள்.

தமிழ்நாட்டு வாசகரின் எதிர்பார்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் புத்தகங்களில் பல அங்கே அச்சாகின்றன, அங்கேயும் மதிப்புரை வரவேண்டும் என்ற ஆசை எழுத்தாளர்களுக்கு இருக்கிறது. அதனால் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்றால் என்ன, மசேநி (ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதி) என்றால் என்ன என்று கதாபாத்திரங்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் எந்தக் கணவனும் மனைவிக்கு மத்திய சேமநிதியின் இயல்பை விளக்குவதில்லை.

நான் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டால், ஒரு விதி எப்படி ஒரு வீட்டுக்குள் நுழைகிறது என்பதைக் காட்டும் கதையைச் சொல்வேன். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வீவக புளோக் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. சீனர்களுக்கு அது 87 விழுக்காடு. ஒரு புளோக்கில் அந்த வரம்பு நிறைந்துவிட்டால், அங்கே குடியிருக்கும் இந்தியர் தம் வீட்டைச் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. நாட்டில் நான்கில் மூன்று பங்கினர் சீனர்கள் என்பதால், வாங்க வருவோர் கூட்டம் திடீரென்று சுருங்கும், விலையும் இறங்கக்கூடும். 

இதை ஒரு குடும்பமாக நினைத்துப் பார்க்கிறேன். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோக வேண்டும் என்று தாய் துடிக்கிறார். வீட்டைப் பார்க்க வரும் இளம் சீனத் தம்பதிக்கு வீடு பிடித்துவிடுகிறது. சமையலறையில் வத்தக்குழம்பு வாசனை இருந்தும் முகம் சுளிக்காமல் ஜன்னல் காற்றைப் பாராட்டுகிறார்கள், கேட்ட விலையைத் தரவும் தயாராக இருக்கிறார்கள். வீட்டு முகவர் கைப்பேசியில் அந்த மாதத்து வரம்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். அந்தத் தந்தையோ, எல்லா இனமும் ஒரே புளோக்கில் கலந்து வாழவேண்டும் என்பதை மேடைதோறும் பேசியவர்; அந்தக் கலப்பில்தான் அவர் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இப்போது அதே கலப்புக்காக அவர் விலையைக் குறைத்தாக வேண்டும். இங்கே வில்லன் யாரும் இல்லை. விதி தேவையற்றது என்று அவராலும் சொல்ல முடியவில்லை, இழப்பு தம்முடையது இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மனைவியிடம் அன்றிரவு அவர் என்ன பேசுவார் என்பதை எழுத ஒரு நல்ல கதாசிரியர் வேண்டும். வேறெந்த நாட்டுக்கும் பெயர்த்து நடவு செய்ய முடியாத கதை இது.

வாசகர் கூட்டங்களில் கேட்கப்படும் இன்னொரு கேள்வி, எழுதியவர் இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்பது. 1990களுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய பலர் இன்று முனைப்பாக எழுதுகிறார்கள். தங்குவிடுதிகளில் இருக்கும் ஊழியர்களிலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும்போது, பழைய கம்பத்து (கிராமத்து) வாழ்க்கை தெரியுமா, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை செய்தாரா என்று நாம் சான்றிதழ் கேட்கிறோம். துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து லாரியின் பின்புறம் அமர்ந்து திரும்பும் ஒருவர் பார்க்கும் விரைவுச்சாலையை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய கதையில் தேக்கா சந்தையின் வாசல் இடம் மாறியிருந்தால் பெரியவர் தாராளமாக எழுந்து சொல்லட்டும். கூட்டம் சிரித்துவிட்டு உடனே அடுத்த கதைக்குப் போய்விடாமல், அந்த லாரியைப் பற்றியும் எழுதியவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்.