கிரீன்வெல்ஸ் குளோரி: பழைய பட்டும் கறுப்பு மெழுகும்

ட்ரவுட் மீனை ஏமாற்றிப் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டும் ஃப்ளைகளில், இந்த வருடம் முழுக்க நான் உட்கார்ந்திருப்பது கிரீன்வெல்ஸ் குளோரியோடுதான். கடைச் சாமான்களை வைத்து இதைக் கட்டுவது எளிது. 1854-இல் பயன்படுத்திய அதே வகைப் பொருட்களில் கட்டவேண்டும் என்று கிளம்பியதால்தான் அலமாரி நிறைந்துவிட்டது.

அந்த ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் டர்ஹாம் நகரப் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல் ஸ்காட்லாந்து எல்லையில் ஓடும் ட்வீட் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மீன்கள் ஏதோ ஒரு பூச்சியைத் தின்றனவே தவிர இவர் போட்டதைச் சீண்டவில்லை. அந்தப் பூச்சியைப் பிடித்து, ஸ்ப்ரௌஸ்டன் கிராமத்தில் இருந்த ஜேம்ஸ் ரைட்டிடம் கொண்டுபோனார். ரைட்டுக்கு ஃப்ளை கட்டுவதுதான் தொழில். கட்டியவர் ரைட், பெயர் பாதிரியாருக்கு. இத்தனைக்கும் கிரீன்வெல் இங்கிலாந்தில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் இருக்கும் கற்காலச் சுரங்கத்தைத் தோண்டிய தொல்லியல் ஆள், அவருக்குப் புகழ் வேறு வழியிலும் வந்துவிட்டது. ரைட்டைத் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த நல்ல வழி, அவர் எடுத்த பொருட்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான்.

முதலில் உடம்பு. வெறும் மஞ்சள் பட்டு. பியர்சால்ஸ் என்ற கம்பெனியின் பழைய பட்டு நூல் மரக்கண்டுகளில் அங்கங்கே கிடைக்கிறது. வாங்கினால் மேல் சுற்றுகளை நம்பாதீர்கள். வெளிச்சத்தில் நைந்திருக்கும். கொஞ்சம் அவிழ்த்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை இழுத்துப் பாருங்கள்.

சூட்சுமம் மெழுகில் இருக்கிறது. செருப்புத் தைக்கிறவர்கள் நூலில் தேய்க்கும் கறுப்பு மெழுகைப் பட்டில் இழுத்தால், மஞ்சள் மங்கி ஆலிவ் பச்சைக்கு வந்துவிடும். பூச்சியின் நிறம் அதுதான். சாயமே போடாமல் நிறத்தை மாற்றும் இந்த வேலைக்காகவே ரைட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம். குங்கிலியம், தார், தேன்மெழுகு மூன்றையும் சின்னச் சட்டியில் உருக்கி நானே கிளறிக்கொண்டேன். குளிர்நாளில் கல்லாகிவிடுகிறது, விரல் நடுவே உருட்டிச் சூடாக்கினால்தான் நூலில் ஏறுகிறது. வீட்டில் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் வந்தது உண்மை.

இறக்கைக்கு பிளாக்பேர்ட் என்ற பறவையின் இறகு. அதை விட்டுவிட்டேன், ஸ்டார்லிங் இறகுதான் வழக்கமான மாற்று, நிறமும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

அப்புறம் முள். நூல் கோக்கக் கண் (ஓட்டை) வைத்த முள் பரவலானது 1870-களின் கடைசிக்குப் பிறகுதான். அதற்கு முன் கண்ணில்லாத முள்ளில் பட்டுப்புழு நரம்பை வைத்துக் கட்டுவார்கள். கூடு கட்டும் நேரத்தில் புழுவை வினிகரில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் பட்டுச் சுரப்பியை நீளமாக இழுத்து எடுப்பதுதான் இந்த நரம்பு. ஸ்பெயினின் முர்சியா இதற்குப் பேர்போனது. காய்ந்த நரம்பு குச்சி மாதிரி உடையும், தண்ணீரில் ஊறவைத்தால் வளையும். பிடிகருவி இல்லாமல் விரலிலேயே முள்ளைப் பிடித்துக் கட்டிப் பார்த்தேன். இறக்கை கொஞ்சம் கோணினாலும் நூலின் இழுப்பு விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. இனி சின்ன முள்ளெல்லாம் இப்படித்தான்.

அடுத்தது ரைட் பெயரிலேயே சொல்லப்படும் தண்டர் அண்ட் லைட்னிங், சால்மன் மீனுக்கானது. அதன் பக்கவாட்டில் ஒட்டும் ஜங்கிள் காக் இறகு வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு! மெழுகு பூசியது போல மின்னும் வெளிர் மஞ்சள் பொட்டுக்காகவே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் காட்டுப் பறவையின் தோலைப் பற்றிப் பேச்சே இல்லை. பிரிட்டனில் வளர்ப்புப் பறவையிலிருந்து வரும் கழுத்துத் தோல் கிடைக்கும், ஆனால் விலை கண்ணைக் கட்டுகிறது. சில்லறையாக இரண்டு ஜோடி இறகு வாங்கி ஆரம்பிக்கிறேன்.