கல்லூரி இதழுக்கு ராப்பர் (மேலட்டை) போட்ட கதை

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் வராததுமாகத் தமிழ்த்துறை சார் கூப்பிட்டு அனுப்பினார். இந்த வருட மாணவர் இதழுக்கு அட்டை என் பொறுப்பாம். இயற்பியல் மூன்றாமாண்டுக்காரியிடம் எதற்கு இதைக் கொடுக்கிறார் என்று பார்த்தால், துறை விழாவுக்கு நான் செய்த போஸ்டர் அவருக்குப் பிடித்துவிட்டதாம். "அதே மாதிரி பளிச்சுனு போட்டுரும்மா."

சரி, போன வருட இதழ் எப்படி இருந்தது என்று பார்க்க நூலகத்துக்குப் போனேன். நூலகர் பேசாமல் அலமாரிக்குப் பின்னால் கையைக் காட்டினார். சணல்கூடப் பிரிக்காத நாலு கட்டு. கட்டுக்கு 50. அச்சடித்ததே 500தான்.

ஒன்றை உருவிப் பார்த்தேன். கல்லூரிக் கட்டடம், அதன் மேல் சின்னம், வட்டத்துக்குள் மூன்று பெரியவர்கள், உலக உருண்டை, புறா, குத்துவிளக்கு, இறகுப் பேனா, பின்னணியில் சூரிய உதயம். எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று கவலைப்படுவார்களே, அந்தக் கவலையில் செய்த அட்டை. வருத்தப்படக்கூடியவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். படிக்க வேண்டியவர்களைத்தான் காணோம்.

23 ஜனவரி, வியாழன்

இதழ்க் குழுக் கூட்டம். நாங்கள் ஐந்து பேர், சார், இன்னும் இரண்டு மேடம். "இது யார் கைக்குப் போகுது?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது மேசையில் வைக்க வேண்டும் என்றார். இன்னொருவர் பெற்றோர் பார்ப்பார்கள் என்றார். சார் முன்னாள் மாணவர்களைச் சொன்னார். மாணவர்கள் என்று சொல்ல அரைமணி நேரம் ஆனது. அதையும் நாங்கள்தான் சொன்னோம்.

"மாணவர்கள்" என்பதும் பதில் இல்லை. மூன்றாமாண்டுக்காரர்கள் ஏப்ரல் தேர்வு முடிந்தால் கிளம்பிவிடுவோம், கையில் வாங்கினாலும் பையில் போட்டுவிடுவோம். முதலாமாண்டு என்று நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் ஊரில் முதலாமாண்டு என்றால் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கல்லூரிக்கு இதழ் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. அவர்கள் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள்.

இன்னொரு முடிவும் அதோடு சேர்ந்து வந்தது. போன வருடம் ஏ4. இந்த முறை டெம்மி 1/8, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையில் கம்பியையும் மறு கையில் ஏ4 இதழையும் பிடித்துப் பார்த்தால் காரணம் புரியும்.

28 ஜனவரி, செவ்வாய்

மூன்று நாளாக யோசனை எதுவும் வரவில்லை. பட்டமளிப்புத் தொப்பி, பறக்கும் காகிதம், பல்பு வரைந்து வரைந்து அழித்தேன். தொப்பியை நான் நிஜத்தில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

இன்று மாலை பஸ் ஸ்டாண்டில் முன்பக்கம் பிங்க் அடித்த டவுன் பஸ் உள்ளே நுழைந்தது. நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு கை. கைக்குட்டை ஒரு சீட்டில், ரெகார்டு நோட்டு ஒரு சீட்டில், டிபன் பாக்ஸ் பை ஒரு சீட்டில். எங்கள் பிள்ளைகள்தான். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் சீட்டுக்குப் போட்டி உண்டு. நானும் மூன்று வருடமாகத் தினமும் பார்க்கிறேன், போட்டும் இருக்கிறேன்.

துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான் அட்டை. காலி பஸ் சீட், அதன் மேல் ஒரு நோட்டும் கைக்குட்டையும், ஜன்னல் வழியாக நீளும் ஒரு கை. படிக்க இடம் பிடித்தோம் என்று விளக்கமெல்லாம் எழுத வேண்டாம். எங்கள் கல்லூரியில் யாருக்கும் அது புரியும்.

1 பிப்ரவரி, சனி

சிவகாசி. காலண்டர் வேலை மார்கழியோடு ஓய்ந்துவிடுவதால் இப்போது அச்சகங்களில் நின்று பேச ஆள் கிடைக்கும். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்த பிறகு போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அச்சகத்து அண்ணாச்சி கணக்குப் போட்டார். உள்ளே 64 பக்கம், ஃபாரத்துக்கு 16 பக்கமாக நாலு ஃபாரம். நடுவில் சென்டர் பின் போதும், அதனால் முதுகு கிடையாது, முதுகில் எழுத்தும் கிடையாது. ராப்பர் வெளிப்பக்கம் மல்டிகலர் என்றால் மைக்கு ஒன்றாக நாலு அச்சு பிளேட். உள்பக்கம் வெறும் கறுப்பு என்றால் கூட ஒரு பிளேட். பெரியவர்கள் படத்தையும் கல்லூரிச் சின்னத்தையும் அந்த உள்பக்கத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். கல்லூரியில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

என் போன் திரையில் அட்டையின் ஓவியத்தைக் காட்டினேன். அண்ணாச்சி போனை வாங்கி, எதிர்ச் சுவரில் காலண்டர் ஆணிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு வாசல் வரை நடந்துபோனார்.

"பாப்பா, இங்க இருந்து பாத்தா என்ன தெரியுது?"

நீலமாக ஏதோ தெரிந்தது.

"அப்ப இது ஆகாது. தீப்பெட்டி லேபிள் ரெண்டு அங்குலம். அதுல எழுத்த யாரு படிக்கா? கிளி போட்ட பெட்டி குடுன்னுதான் கேப்பாங்க. கடைக்காரரு பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே கிளி கிளியாத் தெரியணும்."

1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்றுதான் அச்சுத் தொழில் பின்னால் வளர்ந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவரையும் மனதில் வைத்து வரைந்த ஊர். இலக்கு வாசகர் யார் என்று நாங்கள் அரைமணி நேரம் பேசியதை அண்ணாச்சி வாசலுக்கு நடந்தே சொல்லிவிட்டார்.

ஓவியத்தில் இருந்த ஜன்னல் கம்பிகள், டிரைவர் கண்ணாடி, வெளியே தெரிந்த பனைமரம் எல்லாவற்றையும் வரும் வழியிலேயே அழித்தேன். சீட், நோட்டு, கை. பனைமரத்துக்கு மட்டும் கொஞ்சம் மனசு வலித்தது.

6 பிப்ரவரி, வியாழன்

படம் எடுத்தோம். டிப்போவில் நிற்கும் பஸ்ஸில் பத்து நிமிடம் தந்தார்கள்.

முகம் வேண்டுமா என்று நேற்றெல்லாம் சண்டை. சிரிக்கும் முகம் இருந்தால்தான் அட்டை விற்கும் என்று ஒருத்தி சொன்னாள். பெரிய பத்திரிகைகளுக்கு அது சரி, முகம்தான் கண்ணை முதலில் இழுக்கும். ஆனால் எங்கள் கல்லூரியில் யார் முகம்? ஒரு பெண்ணைப் போட்டால் அவள் எந்தத் துறை, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தொடங்கி அவள் அண்ணன் வரை பேச்சு போகும். அவள் சரி என்று சொன்னாலும் வீட்டில் என்ன சொல்வார்கள்? கை மட்டும் போதும். கையில் ரப்பர் பேண்டு, பேனா மை, அவ்வளவுதான். அந்தக் கையை யாரும் தன் கை என்று நினைத்துக்கொள்ளலாம்.

படம் எடுத்த தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நீளம் 1600 பிக்சல். எட்டரை அங்குலத்தோடு வெட்டுக்கு மேலும் கீழும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் விட்டால் எட்டே முக்கால். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 2625 வேண்டும். டாக்குமென்டாகத் திரும்ப அனுப்பு என்று மூன்று முறை சொன்ன பிறகு சரியாக வந்தது.

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று நடந்ததுதான் முக்கியம்.

கலர் ஜெராக்ஸில் மூன்று அட்டை எடுத்து, பழைய இதழ்கள் மேல் சுற்றி ஒட்டினேன். ஒன்று போன வருடத்து மாதிரியே கட்டடமும் சின்னமும். இரண்டாவது வெறும் எழுத்து. மூன்றாவது பஸ் சீட். மூன்றையும் கேன்டீனுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் போட்டுவிட்டு, தள்ளி நின்று டீ குடித்தேன். எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் "எல்லாமே நல்லாருக்குக்கா" என்பார்கள். அதனால் கேட்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன்.

இடைவேளை முழுக்க நின்றேன். பஸ் சீட்டைப் பார்த்து நிறையப் பேர் நின்றார்கள். ஒருவன் நண்பனை இழுத்துவந்து காட்டி, "டேய், உன் கர்ச்சீப்" என்று சிரித்தான். எனக்குக் காலே தரையில் இல்லை. ஆனால் எடுத்தது மூன்றே பேர். மற்றவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு முதலாமாண்டுப் பெண்ணிடம் கேட்டேன். ஏம்மா எடுக்கல?

"யாரோ வச்சுட்டுப் போயிருக்காங்கக்கா."

உங்களுக்குத்தான், காலேஜ் புக் என்றேன்.

"எவ்வளவுக்கா?"

டீ ஆறியது தெரியாமல் நின்றேன். இலவசம் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் யாரும் எங்கேயும் எழுதவே இல்லை. நான்கு கட்டு சணல் பிரியாமல் கிடந்ததற்குப் புறாவை மட்டும் குறை சொன்னேன், பாவம். போன வருட அட்டையில் 'ஆண்டு மலர்' என்று இருக்கிறது, வெளியீட்டாளர் பெயர் இருக்கிறது. எடுத்துக்கொள் என்று ஒரு சொல் இல்லை.

ராத்திரி மேல் வலது மூலையில் சேர்த்தேன்: 'உனக்குத்தான். காசு இல்லை.' தமிழ்த்துறை சார் 'விலையில்லாப் பிரதி' என்று மாற்றச் சொல்வார். சொல்லட்டும்.

17 பிப்ரவரி, திங்கள்

சொன்னார். முதல்வர் அறையில் இருபது நிமிடம். சின்னம் எங்கே? உள்பக்கம், சார். கட்டடம்? உள்பக்கம். பஸ் சீட்டு காலேஜுக்குக் கௌரவமா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. தமிழ்த்துறை சார்தான் காப்பாற்றினார், "நானும் இப்படி நோட்டு போட்டு வந்தவன்தான் சார்." முதல்வர் சிரித்துவிட்டார். சின்னம் சின்னதாக முன்பக்கத்தில் இருக்க வேண்டும், 'உனக்கு' மரியாதை இல்லை, 'உங்களுக்கு' என்று மாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டேன். 'உனக்கு' போனதில் இன்னும் வருத்தம்தான்.

22 பிப்ரவரி, சனி

ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு பார்க்க மறுபடி சிவகாசி.

முதல் அதிர்ச்சி, நீல சீட் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. திரை ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது, அச்சு மையைக் கலக்கிறது. திரையில் மின்னும் நீலம் மையில் கிடையாது. நீலத்தோடு மெஜந்தா அதிகமானால் ஊதாதான். ஆபரேட்டர் அண்ணன் மெஜந்தாவைக் குறைக்கக் குறைக்க சீட் மறுபடி சீட் ஆனது.

இரண்டாவது, எழுத்து. ஆபரேட்டர் மிஷினில் யூனிகோடு எழுத்து திறந்ததும் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதற்காகவே "கர்வ் பண்ணிக் கொண்டு வா" என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதாவது எழுத்தை எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி. தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு மூலையில் இருந்த வரியை மறந்துவிட்டேன். தலைப்புக்கு பலூ தம்பி என்ற எழுத்துரு, தடியாக உருண்டு தூரத்திலும் நிற்கும். சின்ன வரிக்கு ஹிந்த் மதுரை எழுத்துரு.

அந்தச் சின்ன வரி நீலத்தின் மேல் வெள்ளையில் இருந்தது. நாலு மையும் மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஓட்டை அடைபடும். தமிழில் முதலில் சாவது புள்ளி. பெரிய கண்ணாடியை வைத்துப் பார்த்தால் 'உங்களுக்குத்தான்' என்பதில் இரண்டு புள்ளியைக் காணோம், 'உஙகளுக்குததான்' என்று வாசிக்கிறது. தமிழ்த்துறை இதழில்! மஞ்சள் பட்டை ஒன்று போட்டு, அதன் மேல் தனிக் கறுப்பில் தடித்த எழுத்தாக மாற்றினோம். பழைய பஸ் டிக்கெட் மாதிரி ஆகிவிட்டது. அது தற்செயல்தான், ஆனால் நான் திட்டமிட்டதாகத்தான் சொல்லப்போகிறேன்.

5 மார்ச், புதன்

வந்துவிட்டது. மேட் லேமினேஷன் நிறத்தைக் கொஞ்சம் மங்கவைத்திருக்கிறது. ஒரு கட்டில் வெட்டு சாய்ந்து, நீளும் கையில் சுண்டுவிரல் பாதி போயிருக்கிறது. மற்றவை சரி. வகுப்பில் கொடுக்காமல் பஸ் ஸ்டாண்டு போகும் வாசலில் மேசை போட்டோம்.

10 மார்ச், திங்கள்

மேசையில் பன்னிரண்டு பிரதி மிச்சம். சுண்டுவிரல் இல்லாதவையும் போய்விட்டன.

ஆய்வகத்தில் முதலாமாண்டுப் பையன் ஒருவனின் அப்சர்வேஷன் நோட்டு மேல் பஸ் சீட் அட்டை. கச்சிதமாக வெட்டி, பசை போட்டு ஒட்டியிருக்கிறான். மஞ்சள் பட்டை மட்டும் இல்லை.

"உள்ள இருந்த 64 பக்கம் எங்கடா?"

"ரூம்ல இருக்குக்கா."

"படிச்சியா?"

"அட்டை சூப்பர்க்கா."